மூன்றாவது மூட்டு

தேவராசு மச்சானின் விமானம் தரையை விட்டுக் கிளம்பிய நொடியிலேயே, வாயைத் திறப்பதென்றால் இப்போதே திறந்துவிட வேண்டும் என்று கருப்பணனுக்குத் தெரிந்தது, ஆனால் நாக்கு மேலண்ணத்தில் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது, சீ, இந்த நேரத்திலும் பற்றவைக்கிற நினைப்புத்தானா என்று ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டான். பக்கத்தில் அவன் அக்கா பாவாயி, கவிழ்த்துப் போட்ட டீசல் கேன் மேல் உட்கார்ந்து, மடியில் இட்லிப் போசியும் கையில் வாக்கி டாக்கியுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் பத்துக் கூழாங்கல்லை வரிசையாக வைத்திருந்தாள். பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவதாகச் சொல்லிவிட்டுத்தான் மச்சான் போயிருக்கிறார், ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைத் தள்ளி வைக்க வேண்டும், அது அவள் வேலை. "எருமை வாங்கலாமுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் கருப்பா, உன்ற மச்சான் பிளேன் கட்டறாரு. எருமைன்னா நம்ம தலைக்கு மேல போவாது பாரு" என்றாள். அவன் சிரித்தான். சிரித்தேனா, சிரித்திருக்கிறேன், பல் காய்கிறது. சட்டைப் பையில் அந்தச் சிவப்புப் பசை டியூப் நெஞ்சை இடித்துக்கொண்டிருந்தது, மூடி திறக்காத டியூப், நேற்று ஈரோட்டில் வாங்கியது, அது மட்டும் நேற்றே ஸ்பிரிங்குகளுக்குள் போயிருந்தால் இந்நேரம் அவனும் ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டிருப்பான். முதல் கல் நகர்ந்தது.

சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. நாலு குழாயும் ஒரே குரலில் பேசுகிறது. கார் எஞ்சின்தானே, நாலு சிலிண்டர், நாலு புகைக்குழாய், நாலும் போய் ஒரு சைலன்சரில் சேர்கிறது, லாரிக்கும் அதுதான், போர்க்கிணறு தோண்டுகிற ரிக் வண்டிக்கும் அதுதான், முப்பது வருஷமாகத் திருச்செங்கோட்டில் அவன் கை படாத சைலன்சர் எது. ஆனால் லாரியில் குழாய் ஒடிந்தால் ரோட்டில் விழும், பின்னால் வருகிறவன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவான். இதில் மச்சான் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க், அதற்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் விசிறி. ஒடிகிற குழாய் நேரே விசிறிக்குத்தான் போகும். நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுற்றுகிற மரவிசிறிக்குள் ஒரு முழ இரும்பு போனால் என்ன ஆகும், கரும்பு ஆலைக்குள் கை போனால் என்ன ஆகுமோ அது ஆகும், விசிறி சிம்பு சிம்பாய்ப் பிய்ந்து ஒரு சிம்பு வாலை அறுக்கும், ஒரு சிம்பு டேங்கைக் குத்தும், ஒரு சிம்பு, வேண்டாம், நினைக்காதே. நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா, புண்ணைச் சொறிகிற நாய் மாதிரி அங்கேயே போய் நிற்கிறது. சித்தூர்ப் பக்கம் போர் போடப் போனபோது கம்ப்ரஸரின் காற்று ஓஸ் கழன்று சுழற்றி அடித்ததில் கூட வேலை பார்த்த செல்லாண்டி தொண்டை போனதை இவன் கிட்டே நின்று பார்த்தவன், ஓஸ் பாம்பு மாதிரி எழுந்து ஒரே வீச்சு, செல்லாண்டி ஏதோ சொல்ல வந்தான், வார்த்தை வாய் வழியாக வரவில்லை, கழுத்து வழியாகக் காற்றாக வந்தது. அந்த ஓஸையும் ஆடாமல் இறுக்கிக் கட்டியது யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

ஆடக்கூடாது. சத்தம் வரக்கூடாது. அதுதான் அவன் படித்த படிப்பு, வேறு படிப்பு எங்கே. மேஸ்திரி பொம்மண்ணன் பட்டறையில் சேர்ந்தபோது பதிமூணு வயசு, இவன் மாட்டிய சைலன்சர் ஒருநாள் கலகலவென்று சத்தம் போட்டதற்கு, மேஸ்திரி பிடரியைப் பிடித்து அழுத்தி, ஓடுகிற வண்டியின் சைலன்சர் மேலேயே காதை வைத்துத் தேய்த்தான். "கேக்குதாடா? என்ன சொல்லுது? நீ ஒரு வேலைகெட்ட நாயின்னு சொல்லுது, கேக்குதா?" காது விளிம்பு வெந்து, தோல் சைலன்சரோடு போனது, இன்றைக்கும் வலது காது மேல்பக்கம் கடித்துத் துப்பின அப்பளம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தக் காதுக்கு அதற்கப்புறம் எதுவும் தப்பாது. மூணாம் தெருவில் ஒரு லாரி நின்று உறுமினால், எந்த நட்டு லூசு என்று இங்கே உட்கார்ந்து சொல்லுவான். கலகலச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் பிடரியில் ஒரு கை வந்து உட்காரும். அப்படிப்பட்டவனிடம் போய் மச்சான் சொல்கிறார், ஆட விடு கருப்பா, இது ஆடணும். இரண்டாவது கல்.

அதைச் சொன்னது அறைந்ததற்கு அப்புறம். சரியாகச் சொல்ல வேண்டும் என்றால் அறைந்து மூணு நாள் கழித்து. முதலில் செய்து கொடுத்த சைலன்சரை இவன் லாரி வழக்கப்படி சட்டத்தோடு சேர்த்து மூணு இடத்தில் பட்டை போட்டு இறுக்கினான், மலை மாதிரி நின்றது, தட்டிப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டான். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, சட்டம் ஆடாமல் நிற்கிறது, நடுவில் மாட்டிய குழாய் இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி இரண்டு பக்கமும் இழுபட்டு, பத்தே மணி நேரம் பறந்ததில் வாயைப் பிளந்தது. அன்றைக்கு விசிறிக்குள் போகவில்லை, ஏதோ புண்ணியம், புகையும் நெருப்புமாக மச்சான் வந்து இறங்கினார், இறங்கி, பட்டறைக்கே ஜீப்பில் வந்து, நாலு ரிக் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்கையில், ஒரு வார்த்தை பேசாமல் விட்டார் ஒன்று. எண்ணெய்க் கை. அஞ்சு விரலும் கன்னத்தில் கருப்பாக நின்றது. இவன் அதைக் கழுவவில்லை. இரண்டு நாள் கழுவவில்லை. வீட்டில் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சோறு தின்றான். மச்சான் கையை ஒடிக்க வேண்டும், ஒவ்வொரு விரலாக வைஸ் இடுக்கியில் வைத்துத் திருக வேண்டும், அந்த வாயில் அசிட்டிலின் கேஸ் பைப்பைச் சொருகித் திறக்க வேண்டும் என்று கணக்கில்லாமல் கொன்றான், படுத்துக்கொண்டே கொன்றான், குளிக்கையில் கொன்றான். மூணாம் நாள் அவர் வந்தார். "நெஞ்சு பதறிக் கை நீண்டுருச்சு கருப்பா. எம்மேலயுந்தான் தப்பு, லாரியாட்டம் கட்டாதேன்னு மொதல்லயே சொல்லியிருக்கோணும்" என்று சொல்லிப் பட்டறை மண்ணிலேயே உட்கார்ந்து குச்சியால் படம் போட்டார். சைலன்சரைச் சட்டத்தில் தொடாதே, எஞ்சின் மேலேயே தொங்கவிடு, அது ஆடினால் இதுவும் கூடவே ஆடட்டும். குழாயும் சைலன்சரும் சேருகிற இடத்தில் நம்ம இடுப்பெலும்பு மாதிரி கிண்ணமும் குண்டுமாக மூட்டு வை, பற்றவைக்காதே, ஸ்பிரிங்கால் பிடித்து நிறுத்து, சூடேறினால் குழாய் நீளும், நீளட்டும், நடுக்கம் அங்கேயே தீர்ந்து போகட்டும். ஸ்பிரிங் அறுந்தால் துண்டு விசிறிக்குப் போகாமல் அதற்குள் ஒரு கம்பி கோத்துக் கட்டு. இவன் ம் ம் என்றான். ஒவ்வொன்றையும் சொன்னபடியே செய்தான், வேலை என்று வந்தால் கைக்குக் கோபம் தெரியாது. நாலு மூட்டு, எட்டு ஸ்பிரிங். மூணு, இல்லை, நாலு கல் நகர்ந்திருக்கிறது, எப்போது நகர்ந்தது.

"என்னடா வேர்த்துக் கொட்டுது உனக்கு? வெயிலே வரலை" என்றாள் பாவாயி. "ராத்திரி சரியாத் தூங்கலைக்கா." "ரெண்டு இட்லி தின்னு." "மச்சான் வரட்டும்." "அவரு வந்து, பிளேனைக் கொஞ்சி, அதுக்கு மூஞ்சி தொடைச்சு உட்டு, அப்பறந்தான் நானும் என்ற இட்லியும். சக்களத்தியைக் கூட வெளக்குமாத்துல சாத்தலாம், இதை என்ன பண்ணுவ?" வாக்கி டாக்கியில் மச்சான் குரல் கரகரத்தது. "பாவாயி, எண்ணெய்ச் சூடு நல்லாருக்கு. எல்லாம் நல்லாருக்கு. கருப்பன்கிட்டச் சொல்லு, சத்தமே இல்ல, தேன் மாதிரி ஓடுது." கேட்டுக்கோ என்பது போல அவள் தம்பியைப் பெருமையாகப் பார்த்தாள். தேன் மாதிரி. நேற்று அது தேன் மாதிரி ஓடவில்லை. நேற்றுத் தரையில் கட்டி ஓட்டிப் பார்க்கையில் ஸ்பிரிங்கெல்லாம் பாட ஆரம்பித்தது, மூணாவது மூட்டு இருக்கிறதே, அது சல்லடையில் போட்ட போல்ட்டு மாதிரி கலகலத்தது, வேலிப் பக்கம் வேடிக்கை பார்க்க நின்ற டிரைவர்களில் ஒருவன், "ஏனுங்கண்ணா, பிளேனா, பழைய தகர யாவாரி வண்டியா?" என்றான், இன்னொருவன், "அண்ணனுக்கு இன்னொரு கன்னமும் பாக்கி இருக்குதில்ல?" என்றான். மச்சான் அசரவில்லை. ஸ்பிரிங்குக்குள் சூடு தாங்குகிற சிவப்புப் பசையை ரொப்பினால் பாட்டு நின்றுவிடும், ஸ்பிரிங்கும் சீக்கிரம் அறுகாது, ஈரோட்டில் போய் வாங்கிவா என்றார். வாங்கி வந்தான். காய ஒரு நாள் ஆகுமாம். "அப்பச் சரி, நாளைக்கு அப்படியே பறக்கறேன், வந்து ரொப்பிக்கலாம். சத்தம் இருந்துட்டுப் போவட்டும், சத்தமா ஆளைக் கொல்லப் போகுது" என்று சொல்லிவிட்டு அவர் சோறு தின்னப் போனார். இவன் மட்டும் கொட்டகையில்.

அங்கேதான் சிக்குகிறது. திரும்பத் திரும்ப அங்கே வந்து சிக்குகிறது. கொட்டகையில் தனியாக நின்றவன் மூணாவது குழாயைக் கையால் ஆட்டிப் பார்த்தான், கலகல. பிடரியில் அந்தக் கை. இன்னொரு தரம், கலகல. இன்னொரு கன்னமும் பாக்கி. வெல்டிங் மிஷின் அங்கேயே இருந்தது. கண்ணாடி கூட மாட்டாமல், கண்ணை இடுக்கி, மூட்டைச் சுற்றி நாலே நாலு டேக், மிளகு அளவுக்கு நாலு சொட்டு, குண்டும் கிண்ணமும் ஒன்றாய் ஒட்டிக்கொண்டது. ஆட்டினான். சத்தமில்லை. அப்பாடா. அந்த அப்பாடா யாருடைய அப்பாடா? வேலைக்காரன் அப்பாடாவா, இல்லை, இரண்டு நாள் கன்னம் கழுவாதவன் அப்பாடாவா? வேலைதான், சத்தம் பொறுக்காமல் பண்ணினது, காது பண்ணின வேலை. அப்படியானால் அடிப்பக்கமாகப் பார்த்து எதற்கு வைத்தாய்? கை எட்டினது அங்கேதான். மேல்பக்கமும் எட்டும். மேல்பக்கம் ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்ற உனக்கு அரை நிமிஷம் ஆகுமா? வாயை மூடு. ஆடுகிற ஒன்றை ஆடவிடாமல் பிடித்தால் ஆட்டம் எங்கே போகும், பிடித்த இடத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்து கடிக்கும், அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும், மிளகு அளவுச் சொட்டு எம்மாத்திரம், இது உனக்குத் தெரியாதா, மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினாரே, தெரியாதா? தெரியும். தெரிந்தது. கை செய்கையில் தெரியாமல் இருந்தது. இன்றைக்குக் காலையில் தெரியுமே. காலையில் பறக்கிறதுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு, அன்றைக்குக் குழாய் பிளந்ததற்கு அப்புறம் மச்சான் வைத்தது, கருப்பணன் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு குழாயையும் பானை தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டி, காது கொடுத்துக் கேட்டு, போலாம் என்று வாயால் சொல்ல வேண்டும், நாலு போலாம் விழுந்தால்தான் அவர் ஏறுவார். கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஏமாறலாம் கருப்பா, உன்ற காது ஏமாறாது என்பார். ஒன்று, ணங். போலாம். இரண்டு, ணங். போலாம். மூணாவதைத் தட்டவே இல்லை. ஸ்பேனர் கிட்டே போவதற்குள் வாய் முந்திக்கொண்டது. போலாம். நாலு, ணங், போலாம். மச்சான் எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லியே, பசை வெச்சிட்டியா? காஞ்சிருச்சா?" என்றார். இவன் தலையாட்டினான். தலைதானே ஆடியது, வாய் பொய் சொல்லவில்லையே. த்தூ. ஆறாவது கல்.

இன்னும் நாலே சுற்று. தாங்கிவிடும். மிளகு அளவானாலும் எவர்சில்வர் வெல்டிங் கம்பி, தன் கை வைத்த சொட்டு. தாங்கினால் இறங்கின உடனே ஒரு உளி, ஒரு தட்டு, யாருக்கும் தெரியாமல் பெயர்த்துவிடலாம், பசையை ரொப்பிவிடலாம், சாமி சத்தியமாக இனிமேல் அவர் மேல் மனசில் கூடக் கை வைப்பதில்லை. இப்போது சொன்னால்? அக்காளிடமிருந்து அந்த வாக்கி டாக்கி டப்பாவை வாங்கி, மச்சான், நான் இப்படிப் பண்ணிவிட்டேன் என்றால், ஏன் பண்ணினாய் என்பார்கள். ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறதா. காது என்றால் யார் நம்புவார்கள். அறை வாங்கினவன் கணக்குத் தீர்த்தான் என்பார்கள். தீர்க்கத்தான் பார்த்தாயா? பொம்மண்ணனா, தேவராசா, எந்தக் கை உன் கையைப் பிடித்து அந்தச் சொட்டை வைத்தது? மேலே அது வெள்ளைக் கொக்கு மாதிரி சாய்ந்து திரும்புகிறது, அழகாகத்தான் இருக்கிறது, அதைக் கட்ட அவர் ஆறு வருஷம் செத்துப் பிழைத்தார், இறக்கைக்குத் துணி ஒட்டியது இந்தப் பாவாயி, ஒட்டுப் பசையில் விரல் தோல் உரிய உரிய ஒட்டினாள், ஏழாவது கல்லைத் தள்ளுகிற விரலில் இன்னும் அந்தத் தழும்பு. அப்போது கேட்டது. யாருக்கும் கேட்டிருக்காது. நாலு பேர் சேர்ந்து பாடுகையில் ஒருவன் தொண்டை மட்டும் லேசாகக் கம்முமே, அந்த மாதிரி. டப். திரும்பவும் தேன். டப் டப். வெந்த காது விடைத்துக்கொண்டது. மூணாவது குழாய். சொட்டின் ஓரத்தில் மயிரிழை விட்டாயிற்று, நெருப்பு வெளியே எட்டிப் பார்த்தாயிற்று. டப் டப் டப். செல்லாண்டி கழுத்திலிருந்து காற்று வருகிறது.

டப்பாவைப் பிடுங்கினான். இட்லிப் போசி உருண்டது. "மச்சான், எஞ்சினை நிறுத்துங்க. நிறுத்திட்டு எறங்குங்க." "ஏண்டா? நல்லாத்தானே..." "மூணாவது மூட்டை நான் பத்தவெச்சுட்டனுங்க. நாலு டேக். பசை வெக்கலை. ஒடையுதுங்க மச்சான், எனக்குக் கேக்குது, விசிறிக்குப் போயிரும், நிறுத்துங்க." மேலே ஒரு மூச்சு நேரம் சத்தம் ஓடியது, அந்த ஒரு மூச்சில் அவர் நம்பவில்லை என்று இவன் செத்தான், பிறகு சத்தம் நின்றது. வானம் முழுக்க ஒன்றுமில்லை. காக்காய் கத்துவது கேட்டது. எஞ்சின் இல்லாத விமானம் ஓடுபாதைப் பக்கம் மூக்கைத் திருப்பி, விசிறி விறைத்துக் குறுக்காக நிற்க, எறிந்த கல் மாதிரி வந்தது, பாவாயி எப்போது எழுந்தாள் என்று தெரியாது, அவள் கை இவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து முறுக்கிப் பிடித்திருந்தது, கழுத்து இறுகியது, காதுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கூடக் குரல் உயர்த்தாமல், "அவரு உசுரோட எறங்கலைன்னு வெய்யி, உன்னை இங்கயே கொன்னு போட்டுட்டுத்தான் நான் அழுவேன்" என்றாள். சரி என்றான். சத்தியமாகச் சரி என்றுதான் அவனுக்கும் பட்டது. சக்கரம் தரையில் அடித்து எம்பியது, மறுபடி அடித்தது, பாதை முடிந்தும் நிற்காமல் சோளத்தட்டுக்குள் புகுந்து, பள்ளத்தில் மூக்கு மோத, இடது சக்கரம் தனியாகக் கழன்று இவர்கள் பக்கமே உருண்டு வந்து படுத்தது.

மச்சான் தானே இறங்கினார். நெற்றி பிளந்து, ரத்தம் புருவத்தில் தேங்கி, வழிந்து, அதைத் துடைக்காமலே நின்றார். கருப்பணன் நேரே போய் எதிரே நின்றான், கையைக் கட்டவில்லை, கண்ணை மூடவில்லை, வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான், அடிக்கட்டும், அடித்தால் தேவலை, அடித்துவிட்டால் அது அறைக்கு அறை ஆகிவிடும், இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதி ஆகிவிடும். அவர் அடிக்கவில்லை. குனிந்து, இவன் இடுப்பில் சொருகியிருந்த ஸ்பேனரை எடுத்து நீட்டினார். "தட்டு" என்றார். "மச்சான்." "காலைல தட்டாம உட்டதைத் தட்டு. தட்டிட்டு வாயால சொல்லு." எஞ்சின் இன்னும் சூட்டில் டிக் டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது. முதல் குழாய், ணங். "போலாம்" என்றான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது, ணங். போலாம். மூணாவதன் முன்னால் கை நின்றது. சொட்டின் ஓரமாகக் கீறல் கிளம்பி, குழாயைச் சுற்றி முக்கால் வட்டம் ஓடி, மீதி கால் வட்டம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது, இன்னும் எத்தனை கல், ஒரு கல், அரைக் கல். தட்டினான். தொப். ஈர மண்ணில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். சொல்ல வேண்டும். ஓட்டை என்று ஒரு வார்த்தை, அதுதான் வரவில்லை, தட்டினான், தொப், இன்னும் ஓங்கி, தொப், பொம்மண்ணா, தொப், செல்லாண்டி, தொப், கன்னம், தொப், பிறகு தட்டவில்லை, அடித்தான், பல்லைக் கடித்து இரண்டு கையாலும் அடித்தான், நாலாவதோ அஞ்சாவதோ அடியில் சைலன்சர் அந்தப் பக்கமாகத் தொங்கியது, குழாய் முறிந்து கீழே சோளத்தட்டில் விழுந்து புகைந்தது, விழுந்ததையும் விடாமல் குனிந்து அடித்தான், ஸ்பேனர் மண்ணில் பட்டது, கல்லில் பட்டது, தன் விரலிலேயே பட்டது. மச்சான் தடுக்கவில்லை. பாவாயிதான் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும் உடுறா" என்றாள். "அது செத்து ரொம்ப நேரமாச்சு."

அவன் உட்கார்ந்தான். குனிந்து அடித்ததில் சட்டைப் பையில் டியூப் நசுங்கி வெடித்திருந்தது, நெஞ்சு முழுக்கச் சிவப்பு, அதைப் பார்த்து அவள் ஒரு நொடி பதறி, விரலால் தொட்டு முகர்ந்து, பசை என்று தெரிந்ததும் கையை உதறிவிட்டு, முந்தானையைக் கிழித்துப் புருஷன் நெற்றியைக் கட்டப் போனாள்.